மரக்காலும் தலைச்சீராவும்

போன தை மாதம் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்காக என் அக்காவின் பேரன் பிரான்சிலிருந்து வந்திருந்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்தது காரைக்காலில் ஒரு 'சொல்தா' வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அந்தப் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பம். பையன் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கேதான். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் பாதி தமிழ், பாதி பிரெஞ்சில் பேச்சு ஓடும். சிறு வயதில் மாமா வீட்டில் தங்கி காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டு அரசாங்க நோட்டுக் கோப்பில் ஒரு பிரெஞ்சுச் சொல்கூட எழுதவில்லை. அவன் வந்தால்தான் அதற்கு வேலை.

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். இரும்புத் தொப்பி போட்டு, கையில் கேடயம் பிடித்து, சேற்றில் நிற்கிறான். "என்னடா இது, கூத்து வேஷமா?" என்றேன். "இல்ல தாத்தா, இது வேற" என்று விளக்கினான். அவனும் நண்பர்களும் பதினைந்தாம் நூற்றாண்டுச் சிப்பாய்களைப்போல உடுத்தி, அந்தக் காலத்துச் சாப்பாட்டைச் சமைத்து, கூடாரத்தில் படுத்து, சனி ஞாயிறுகளில் பழைய கோட்டைகளில் சண்டை போட்டுக் காட்டுகிறார்களாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. அப்புறம் நம் ஊர் நெல் திருவிழாவை நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைச் சம்பா வேண்டும், காட்டுயானம் வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வந்து இரண்டு கிலோ விதையை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்கும் இந்தப் பையனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து அவன் காட்டிய படத்தில் தலைக்கவசத்தின் உள்பக்கம் தெரிந்தது. "உள்ள பாருங்க தாத்தா." ஒரு சின்ன ஸ்டிக்கர்: மேட் இன் இந்தியா.

எனக்குப் புதிய செய்தி. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உலகமெங்கும் இப்படி வேஷம் கட்டுகிறவர்கள் அணியும் இரும்புச் சாமான்களில் பெரும்பங்கு நம் வடநாட்டில்தான் அடிக்கப்படுகிறது. டெஹ்ராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் கம்பெனி வாளும் கவசமும் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. மீரட்டில் தீபிகா என்ற நிறுவனம் ரோமானியர் காலத்துச் சாமான்களுக்குப் பேர்போனது. இங்கிலீஷ்காரன் வாளுக்கு நம் ஊர்ப் பட்டறை.

பையன் இரண்டு விஷயம் கேட்டான். ஒன்று, அவனுக்கு இன்னொரு தலைக்கவசம் இங்கிருந்தே வாங்கி அனுப்ப முடியுமா. இரண்டாவது, "நம்ம தஞ்சாவூர் ராஜா ஆளுங்களும் இப்படிப் போட்டிருந்தாங்களா தாத்தா? அதெல்லாம் எங்க இருக்கு?" முதல் கேள்விக்கு ஒரு மாதம் ஆனது. இரண்டாவதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

தலைக்கவசத்துக்குத் தமிழில் தலைச்சீரா என்று ஒரு நல்ல சொல் உண்டு. வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ் பைபிளில் எபேசியருக்கு எழுதிய நிருபம் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. மற்றவர்கள் அந்தச் சொல்லை மறந்துவிட்டு ஹெல்மெட் என்கிறோம்.

எங்கள் வகுப்பில் சரித்திரப் பாடத்தில் வந்த முதல் தலைச்சீராவின் பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். பிரெஞ்சில் அதன் பெயர் 'ஓம்'. வாத்தியார் கரும்பலகையைத் தட்டி "ஓம்... ஓம்..." என்று இரண்டு தடவை சொன்னதும் பின் பெஞ்சில் ஒருவன் "நமசிவாய" என்று முடித்துவைத்தான். அன்று வகுப்பு முழுக்க முட்டி போட்டது.

அந்த 'ஓம்' முகம் முழுவதையும் மூடும் இரும்பு அண்டா. அதற்கு முந்தைய தலைமுறை கூம்பு வடிவத் தொப்பி, மூக்குக்கு முன்னால் ஒரு பட்டை இறங்கும், அவ்வளவுதான். 1066-ல் நார்மண்டிக்காரன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சுமார் 70 மீட்டர் நீளத் துணியில் ஊசிவேலையாகச் செய்துவைத்திருக்கிறார்கள், பாயோ என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் துணி அது. அதில் ஒரு காட்சி: தலைவன் செத்துவிட்டான் என்று வதந்தி பரவ, வில்லியம் தலைச்சீராவைத் தூக்கித் தன் முகத்தைக் காட்டுகிறான். மூக்குப்பட்டை மட்டும் இருந்தபோதே ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால், முழுக்க மூடினால் எப்படி? அதனால்தான் கேடயத்திலும் தலைக்கு மேலும் சின்னங்கள் வைக்கிற பழக்கம் பெருகியது என்பார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இந்த அண்டாவில் கண்ணுக்கு ஒரு கீறல், மூச்சுக்குச் சில துளைகள். போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு அரசன் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்கு எகிப்து போனான். 1250-ல் மன்சூரா சண்டை நடந்த நாளில், அவனோடு போன ழுவான்வில் என்ற பிரபு அரசனின் தலைச்சீராவைக் கழற்றச் சொல்லி, காற்றுப் படட்டும் என்று தன்னுடைய இரும்புத் தொப்பியைக் கொடுத்தாராம். அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த இரும்புத் தொப்பிக்குப் பெயர் 'ஷப்பெல் த ஃபேர்'. சுற்றிலும் விளிம்பு வைத்து, கவிழ்த்த சட்டிபோல இருக்கும். மலிவு, காற்றோட்டம், மேலிருந்து வருகிற கல்லையும் அம்பையும் தாங்கும். ராஜாக்கள் முகமூடி போட்டு ஜம்பம் அடித்தாலும், சாதாரணச் சிப்பாயைப் பல நூற்றாண்டு காப்பாற்றியது இந்தச் சட்டிதான். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே புத்திசாலித்தனமான தலைச்சீரா இதுதான். 1915-ல் பிரிட்டிஷ்காரர்கள் பதுங்குகுழிச் சண்டைக்குப் புதிய எஃகுத் தொப்பி செய்தபோது மறுபடியும் இதே வடிவத்துக்குத்தான் வந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் 1914-ல் துணிக் கெப்பியோடு யுத்தத்துக்குப் போனார்கள். (பாண்டிச்சேரி போலீஸ்காரர்கள் இன்றும் போடும் சிவப்புத் தொப்பியின் மூதாதை அது.) தலையில் அடிபட்டு ஆட்கள் விழ ஆரம்பித்ததும், கெப்பிக்கு அடியில் வைத்துக்கொள்ள இரும்புக் கிண்ணம் கொடுத்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'செர்வெலியேர்', பழைய இடைக்காலப் பெயரேதான். அதே 1915-ல் அத்ரியான் என்ற அதிகாரியின் பெயரால் முழு எஃகுத் தொப்பி வந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவில், அத்தானின் தாத்தா அதைப் போட்டுக்கொண்டுதான் விறைப்பாக நிற்கிறார். பேரனுக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தப் போட்டோவைக் காட்டுவேன்.

'ஓம்' தலைமுறைக்குப் பிறகு பதினான்காம் நூற்றாண்டில் 'பசினே' வந்தது. சின்னக் கிண்ணம் என்று அர்த்தம். முகத்துக்குத் தனி மூடி, தூக்கலாம், கழற்றலாம். மூச்சுவிட இடம் வேண்டும் என்று மூடியைக் கூராக முன்னால் இழுத்து அடித்ததில் பன்றி மூஞ்சிபோல ஆகிவிட்டது. அடுத்தது பேரன் கேட்ட வகை, பதினைந்தாம் நூற்றாண்டின் 'சலாட்'. பிரெஞ்சில் சலாட் என்றால் நாம் தட்டில் வைத்துத் தின்னும் கீரைக்கும் அதே பெயர். தலைச்சீரா அர்த்தத்துக்கு மூலம் இத்தாலியச் சொல். பின்கழுத்துக்கு வால்போல நீண்டு இறங்கும், முன்னால் கண்ணுக்குக் கீறல். அம்பு பட்டால் வழுக்கிக்கொண்டு போகும்படி மேடு பள்ளம் பார்த்து அடித்திருப்பார்கள். இத்தாலியில் மிலான், ஜெர்மனியில் நியூரெம்பர்க், ஆக்ஸ்பர்க் ஆகிய ஊர்களின் கொல்லர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஊர் முத்திரை உண்டு. ஆக்ஸ்பர்க்குக்கு ஊசியிலைமரக் காய், நியூரெம்பர்க்குக்கு அதன் முதல் எழுத்து. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த முத்திரையை. நாம் மரக்காலில் முத்திரை பார்த்து வாங்கியதுபோலத்தான்.

பதினாறாம் நூற்றாண்டில் துப்பாக்கி வந்துவிட்டது. சாதாரணச் சிப்பாய்க்கு முகம் திறந்த 'மொரியோன்' போதும் என்றானது. நடுவில் சேவல் கொண்டைபோல ஒரு முகடு, விளிம்பு முன்னும் பின்னும் படகு மூக்காக மேலே வளைந்திருக்கும். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர் இருந்த காலமும் மொரியோன் காலமும் ஒன்றுதான், 1658-ல் டச்சுக்காரர்கள் அவர்களை விரட்டும்வரை. பணக்காரர்களுக்கோ தலைச்சீரா நகை ஆகிவிட்டது. மிலானில் நெக்ரோலி குடும்பத்து பிலிப்போ 1543-ல் செய்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. ஒரே எஃகைத் தட்டித் தட்டி, முகட்டில் பெண் உருவமே எழுப்பியிருக்கிறான். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் செய்து வார்க்கிறதைச் சுத்தியலாலேயே செய்தால் எப்படி, அப்படி.

எவ்வளவு மூடினாலும் கண்ணுக்கு ஒரு சந்து விட்டுத்தானே ஆகவேண்டும்? 1559 ஜூன் 30, பாரிஸ். கல்யாணக் கொண்டாட்டத்தில் குதிரைமேல் ஈட்டிப் பந்தயம். பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஹென்றி மோன்கொமெரி என்பவனோடு மோதினார். ஈட்டி உடைந்து அதன் சிலாம்பு முகமூடிச் சந்து வழியாகப் பாய்ந்தது. பத்து நாள் கிடந்து ஜூலை 10-ல் இறந்தார். எங்கள் வாத்தியாருக்கு மிகவும் பிடித்த பாடம். வருஷா வருஷம் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடித்துக் காட்டுவார்.

இனி என் கதை. இணையத்தில் தேடி, வடநாட்டுக் கடை ஒன்றில் பேரனுக்குச் சலாட் சொன்னேன். பதினெட்டு கேஜ் தகடு (1.2 மில்லிமீட்டர்) அலமாரியில் வைக்க மட்டும். பதினாறு கேஜ் (சுமார் 1.6) போட்டுக்கொண்டு நடக்க. நிஜமாக அடி வாங்குகிறவன் பதினாலு கேஜ் (சுமார் 2 மில்லிமீட்டர்) வாங்கவேண்டும். அவன் பதினாறு போதும் என்றான். தலைச் சுற்றளவு கேட்டார்கள். அவன் தலை 58 சென்டிமீட்டர். ஆபீஸ் பழக்கம், கொடுத்த தகவலை அப்படியே படிவத்தில் ஏற்றினேன்.

பார்சல் வந்தது. என் தலை 56 தான், போட்டுப் பார்த்தேன். காதைச் சிராய்த்துக்கொண்டு இறங்கியது. கழற்ற என் மனைவி உதவிக்கு வரவேண்டியதாயிற்று. தவறு என்னுடையது. இரும்பைத் தலையில் நேராக வைக்க முடியாது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைக் குல்லா வேண்டும். அடியை உண்மையில் வாங்குவது அந்த மெத்தைதான். எங்கள் வீட்டுக்கு வயல் வேலைக்கு வரும் அம்மாள் இதைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "சும்மாடு இல்லாம எப்படி அய்யா தலையில ஏத்துவீங்க?" நெற்கட்டு சுமந்தவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் மெத்தை என்றால் சுற்றளவில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் கூடும். 58 தலைக்கு 67 இரும்பு வேண்டும். திருப்பி அனுப்பி, கூரியர் செலவை நானே கொடுத்து, வேறு வாங்கினேன்.

இரண்டாவது வந்ததும் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். தகடு எல்லா இடத்திலும் ஒரே கனம், நடுவில் வெல்டிங் கோடு. பழைய காலத்து அசல் அப்படி இருக்காது. நெற்றியில் கனமாகவும் பின்னால் மெல்லியதாகவும் இருக்கும், உள்ளே சுத்தியல் தழும்பு தெரியும். பழசு என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால் முதலில் உள்பக்கம் கையை விடுங்கள்.

பேரனின் இரண்டாவது கேள்வி. தஞ்சாவூர் ராஜாவின் ஆட்கள் போட்டிருந்தார்களா?

நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செங்கம் பக்கத்து வீரன் கொண்டை முடிந்து, வில்லும் குறுவாளுமாக நிற்பான். இரும்பு இல்லை. நம் வெயிலுக்கு முண்டாசும் கொண்டையும்தான் காலாட்படையின் கவசம். ஆனால் குதிரைப்படை வேறு. விஜயநகரத்துக்கு 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியன் பயஸ், மகாநவமி அணிவகுப்பைப் பற்றி எழுதும்போது, குதிரைவீரர்கள் கழுத்தை மூடும் விளிம்பும் முகத்துக்குத் தனி மறைப்பும் வைத்த தலைச்சீரா அணிந்திருந்ததைச் சொல்கிறான். அந்த விஜயநகரத்தின் கிளைதான் தஞ்சை நாயக்கர்கள். பின்னால் மொகலாயரும் மராட்டியரும் கிண்ண வடிவ டோப் போட்டார்கள். உச்சியில் கூர்முனை, மூக்குக்கு ஏற்றி இறக்கும் பட்டை, இறகு செருக இரண்டு குழல், கழுத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி வலை. திப்பு சுல்தானுடையது இன்னும் நம் சுபாவத்துக்கு ஒத்தது, பஞ்சு வைத்துத் துணியால் தைத்தது. அது இப்போது இங்கிலாந்தில்.

தஞ்சாவூர் அரண்மனையில் கூடகோபுரத்தைக் காட்டி ஆயுதசாலை இருந்த இடம் என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைவிட, 1955-ல் தரங்கம்பாடியில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தையும் எடுத்துக்கொண்டது, அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1859-ல் தீர்ப்பு: இது அரசின் செயல், கோர்ட் தலையிடாது. பிறகு 1862-ல் சொந்தச் சொத்தை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆயுதசாலைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த ஆயுதங்கள் அவை. 1860-களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. வால்ஹவுஸ் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரிக்கு மனம் கேட்காமல் சென்னை மியூசியத்துக்கு என்று சிலவற்றைப் பொறுக்கி வைத்தார். 1878-ல் இந்தியன் ஆன்டிகுவெரி பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். இன்று எழும்பூர் மியூசியத்தில் இருப்பவை அப்படித் தப்பியவை. பங்குனியில் சென்னை போனபோது பார்த்தேன். கையை மூடும் வேலைப்பாட்டோடு கட்டாரிகள், சிலவற்றில் ஐரோப்பியக் கத்தி அலகைத் தஞ்சாவூர்ப் பிடியில் பொருத்தியிருக்கிறார்கள், யானை அங்குசங்கள். கடைசல் வேலையெல்லாம் இரும்பில். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன். பொறுக்குகிறவன் அழகானதைத்தான் பொறுக்குவான். நெக்ரோலியும் தப்பும், யானை அங்குசமும் தப்பும். பேர் இல்லாத சிப்பாயின் இரும்புத் தொப்பி எடை போடத்தான் போகும்.

இதைப் பேரனிடம் போனில் சொன்னபோது கோபப்பட்டான். "யார் தாத்தா அப்படிச் செய்வாங்க? எடைக்கா?" என்றான்.

நான் செய்தேன், அப்பா.

1983-ஆக இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தின் பதிவறையில், மெட்ரிக் அளவை வந்த காலத்தில் ஒதுக்கிய பழைய மரக்கால்களும் படிகளும் குவிந்துகிடந்தன. இரும்புப் பட்டம் கட்டியவை, பித்தளை, அடியில் வருஷ முத்திரை குத்தியவை. ஒன்றிரண்டில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து, மோடியோ என்னவோ. எலி குடியிருந்தது. கோப்புக்கு இடம் வேண்டும். 'கண்டம்' செய்யலாம் என்று குறிப்பு எழுதி, பட்டியல் போட்டு, 'உபயோகமற்றவை' என்ற தலைப்பில் எண்ணிக்கையும் எடையும் மட்டும் நிரப்பியது என் கைதான். முத்திரையைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஏலம் எடுத்தவர் வாசலிலேயே சம்மட்டியால் நசுக்கி வண்டியில் ஏற்றினார், இடம் அடைக்காமல் இருக்க. ஏற்றும்போது ஒரு பையன் பித்தளை மரக்கால் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். எல்லோரும் சிரித்தோம். அதையும் பிடுங்கி வண்டியில் போட்டார்கள். தொகை அரசுக் கணக்கில் சேர்ந்தது, செலான் நம்பர்வரை சரியாக இருந்தது.

தஞ்சாவூரில் அந்தப் பட்டியலை எழுதியவனும் என்னைப்போல ஒரு குமாஸ்தாவாகத்தான் இருந்திருப்பான். உத்தரவு வெள்ளைக்காரன் போட்டிருக்கலாம். எடைக் கட்டத்தை நிரப்பியது நம் கையெழுத்து.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மரக்கால் எவ்வளவு பெருசு தாத்தா?" என்று கேட்டான். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொன்னேன். எழுதிக்கொண்டான் போலிருக்கிறது, பேனா கீறும் சத்தம் கேட்டது.

வைகாசியில் காரைக்காலிலிருந்து ஒரு குடும்பம் பாரிஸ் போகிறது. பெட்டியில் இடம் கேட்டிருக்கிறேன். சலாட் 2 கிலோ 800 கிராம். தெரிந்த வீட்டில் பரணில் கிடந்த இரும்புப் பட்டம் கட்டிய மரக்கால் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, அதற்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன். அதையும் சேர்த்து எடை போடவேண்டும்.